ஃபேசர் பெடல் கட்டுவதும் ஹம் இல்லாமல் பவர் கொடுப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேசர் என்பது கிடார் சத்தத்தைச் சுழல்வது போல ஆக்கும் பெடல். இங்கே உதாரணமாக எடுத்துக்கொண்டிருப்பது ஜேஃபெட் (கேட் காலில் தரும் வோல்டேஜுக்கேற்பத் தடை மாறும் ட்ரான்சிஸ்டர்) வைத்த நான்கு ஸ்டேஜ் ஃபேசர். 1974-இல் வந்த எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 இந்த வகைதான். வீட்டில் கட்டப்படும் ஃபேசர்களில் பெரும்பாலானவை அந்த சர்க்யூட்டைச் சுற்றியே அமைகின்றன. பவர், கிரவுண்ட், ஹம் (பின்னணியில் கேட்கும் உறுமல்) பற்றிச் சொல்வது கோரஸ், ட்ரெமலோ, விப்ராட்டோவுக்கும் பொருந்தும்.

முதல் முறை கட்டுகிறேன். ட்ரெமலோ, ஃபேசர், கோரஸ், இதில் எது?

சாலிடரிங் இப்போதுதான் பழகுகிறீர்கள் என்றால் ட்ரெமலோ. சத்தத்தை ஏற்றி இறக்குவது மட்டுமே அதன் வேலை, அதனால் தப்பு எங்கே என்று தேடுவதும் சுலபம். ஒன்றிரண்டு பெடல் முடித்தவர்களுக்கு ஃபேசர். கோரஸையும் ஃபிளாஞ்சரையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு எம்என்3207 போன்ற டிலே ஐசியும், அதை ஓட்ட எம்என்3102 கிளாக் ஐசியும் வேண்டும். எம்என்3207-இல் 1024 படிகள். கிளாக் 100 கிலோ ஹெர்ட்ஸ் என்றால் டிலே சுமார் 5 மில்லி செகண்ட். சுலபமாகக் கிடைக்கிறதே என்று பிடி2399-ஐ வைத்து ஃபிளாஞ்சர் கட்ட முயலாதீர்கள். அதன் குறைந்தபட்ச டிலேயே 30 மில்லி செகண்டுக்கு மேல். ஃபிளாஞ்சருக்கு வேண்டியது அதில் ஒரு சிறு பங்குதான்.

ஃபேசருக்குள் என்னதான் நடக்கிறது?

சிக்னல் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அப்படியே போகிறது. மற்றது நான்கு ஆல்-பாஸ் ஸ்டேஜ்கள் வழியாகப் போகிறது. ஆல்-பாஸ் ஸ்டேஜ் சத்தத்தின் அளவை மாற்றாது, ஃபேஸை மட்டும் 0 முதல் 180 டிகிரி வரை திருப்பும். கடைசியில் இரண்டும் சேரும்போது, எந்த அதிர்வெண்ணில் இரண்டும் எதிரெதிராக நிற்கின்றனவோ அங்கே பள்ளம் விழும். நான்கு ஸ்டேஜுக்கு இரண்டு பள்ளம்.

கணக்குப் போட்டால் தெளிவாகும். கெப்பாசிட்டர் 47 நானோ ஃபாரட், ஜேஃபெட்டும் அதற்கு இணையான ரெசிஸ்டரும் சேர்ந்து அந்தக் கணத்தில் 10 கிலோ ஓம் என்றால் ஸ்டேஜின் மைய அதிர்வெண் சுமார் 339 ஹெர்ட்ஸ். பள்ளங்கள் அதன் 0.414 மடங்கிலும் 2.414 மடங்கிலும் விழும்: 140, 817 ஹெர்ட்ஸ். தடை 2 கிலோ ஓமுக்கு இறங்கினால் அதே பள்ளங்கள் 700-க்கும் 4,090-க்கும் ஏறிவிடும். எல்எஃப்ஓ என்னும் மெதுவான அலை ஜேஃபெட்டின் தடையை ஏற்றி இறக்க, பள்ளங்கள் மேலும் கீழும் நகர்கின்றன. காதில் கேட்கும் சுழற்சி அந்த நகர்வுதான்.

என்னென்ன பாகங்கள் வேண்டும்?

ஆப்-ஆம்ப் என்னும் பெருக்கி ஐசிகள் முதலில்: சிக்னல் பாதைக்கு டிஎல்072 இரண்டு (ஒவ்வொன்றிலும் இரண்டு ஆப்-ஆம்ப்), உள்ளீட்டு பஃபருக்கு (கிடார் சிக்னலை வலுக் குறையாமல் வாங்கும் முதல் பகுதி) டிஎல்071 ஒன்று, எல்எஃப்ஓவுக்கு டிஎல்061 ஒன்று. ரெடிமேட் போர்டுகளில் பெரும்பாலும் இரட்டை ஆப்-ஆம்ப் மூன்று இருக்கும். அதில் எல்எஃப்ஓ உட்காரும் சாக்கெட்டில் மட்டும் டிஎல்062 போடுங்கள். காரணம் கீழே 'டிக்' பற்றிய கேள்வியில் இருக்கிறது.

நான்கு ஜேஃபெட், நான்கு 47 நானோ ஃபிலிம் கெப்பாசிட்டர், 10கே (10 கிலோ ஓம்) ரெசிஸ்டர் பத்துப் பன்னிரண்டு, ஜேஃபெட்டுகளுக்கு இணையாக 22கே நான்கு, மிக்ஸிங்குக்கு 150கே இரண்டு, வெளியீட்டுக்கு ஒரு பிஎன்பி ட்ரான்சிஸ்டர், 5.1 வோல்ட் ஜீனர் ஒன்று, பயாஸுக்கு (ஜேஃபெட்டின் கேட்டுக்குத் தரும் நிலை வோல்டேஜ்) 250கே ட்ரிம்பாட் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் சின்ன பாட்), வேகத்துக்கு 500கே ரிவர்ஸ்-லாக் பாட் (குமிழால் தடையை மாற்றும் பாகம்). லீனியர் பாட் போட்டாலும் ஓடும். ஆனால் வேகமான பகுதி முழுவதும் குமிழின் கடைசிக் கால் சுற்றில் நெருக்கிக்கொண்டு நிற்கும்.

எல்எஃப்ஓவின் டைமிங் கெப்பாசிட்டருக்கு 10 முதல் 15 மைக்ரோ ஃபாரட் டான்டலம் நல்லது. இங்கே மின்னோட்டம் மிகச் சிறியது. லீக் ஆகும் பழைய எலக்ட்ரோலிட்டிக் போட்டால் மெதுவான வேகத்தில் எல்எஃப்ஓ அப்படியே நின்றுவிடும்.

ஜேஃபெட்டை மேட்ச் செய்வது கட்டாயமா?

இந்த சர்க்யூட்டில் ஆம். 2என்5952 என்ற ஜேஃபெட்டின் கட்-ஆஃப் வோல்டேஜ் (அதை முழுதாக மூடத் தேவையான கேட் வோல்டேஜ்) 1.3-இலிருந்து 3.5 வரை எங்கும் இருக்கலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது; 2என்5485-க்கு 0.5 முதல் 4 வரை. நான்குக்கும் ஒரே கேட் வோல்டேஜ்தான் போகிறது. ஒன்று திறக்கும் நேரத்தில் இன்னொன்று மூடியே கிடந்தால் சுழற்சி மங்கலாகிவிடும்.

அளக்க ப்ரெட்போர்டும் மல்ட்டிமீட்டரும் போதும். ஜேஃபெட்டின் மூன்று கால்கள் ட்ரெயின், கேட், சோர்ஸ். ட்ரெயினை பிளஸ் 9 வோல்ட்டுக்கும், கேட்டை கிரவுண்டுக்கும் கொடுங்கள். சோர்ஸிலிருந்து 10கே வழியாகக் கிரவுண்ட். அந்த 10கே-வின் குறுக்கே வரும் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். 30 மில்லி வோல்ட்டுக்குள் ஒத்துப்போகும் நான்கை எடுத்தால் போதும், அதைவிட நுணுக்கமாகப் பார்ப்பது நேர விரயம். விரலால் பிடித்த சூட்டிலேயே ரீடிங் நகரும். சொருகிவிட்டு ஒரு நிமிடம் விட்டுப் படியுங்கள். ஒரே பேட்சில் பத்துப் பதினைந்து வாங்கினால் நான்கு சேர்வது எளிது. கால் வைத்த பழைய ஜேஃபெட்டுகளில் போலி அதிகம். எல்லாமே பூஜ்யத்துக்குப் பக்கத்திலோ, டேட்டாஷீட் எல்லைக்கு வெளியிலோ காட்டினால் அது வேறு எதோ பாகத்தின் மேல் அச்சடித்த பெயர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே எஸ்எம்டி (போர்டின் மேலேயே ஒட்டும்) வகையும் சின்ன அடாப்டர் போர்டும் எடுப்பது இன்று பாதுகாப்பான வழி.

எந்த வரிசையில் கட்டினால் பிழை குறையும்?

பவர் பகுதியை முதலில். டயோடு, ஃபில்டர் கெப்பாசிட்டர், ஜீனர், ஐசி சாக்கெட் எல்லாம் போட்டு, ஐசி போடாமல் 9 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சாக்கெட்டின் பவர் காலிலும் 8.5-க்குக் குறையாமல், ஜீனரில் 5.1 பக்கம் வர வேண்டும். வந்தால் ஐசி. அப்புறம் எல்எஃப்ஓ: வேகத்தை அடி மட்டத்துக்குக் கொண்டுவந்து டிஎல்061-இன் வெளியீட்டில் மீட்டரை வைத்தால், ரீடிங் கீழே ஒன்றிரண்டு வோல்ட்டுக்கும் மேலே ஏழு எட்டுக்குமாக மாறி மாறித் தாவ வேண்டும். தாவாமல் ஒரே இடத்தில் நின்றால் டைமிங் கெப்பாசிட்டரின் துருவத்தைப் பாருங்கள்.

அதன் பிறகுதான் சிக்னல் பாதை. ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிளின் முனையில் 100 நானோ கெப்பாசிட்டர் ஒன்றைக் கட்டி, அதன் மறு காலால் ஒவ்வொரு ஸ்டேஜின் வெளியீட்டையும் தொட்டுக் கேளுங்கள். கேட்ட ஸ்டேஜுக்கும் கேட்காத ஸ்டேஜுக்கும் நடுவில்தான் பிழை.

கிடார் சத்தம் வருகிறது, ஆனால் சுழலவே இல்லையே?

பத்தில் எட்டு முறை பயாஸ் ட்ரிம்பாட்தான். சோர்ஸ் 5.1 வோல்ட்டில் நிற்கிறது, கேட் அதைவிடக் கீழே சரியான தூரத்தில் ஆட வேண்டும். ட்ரிம்பாட்டின் இரு முனைகளிலும் ஜேஃபெட்டுகள் முழுதாகத் திறந்தோ மூடியோ கிடக்கும்; நடுவில் எங்கோ ஒரு குறுகிய இடத்தில்தான் உயிர் வரும். வேகத்தைப் பாதிக்கு வைத்து, ஒரு கார்டை அடித்து ஒலிக்க விட்டு, ட்ரிம்பாட்டை மிக மெதுவாக ஒரு முனையிலிருந்து திருப்புங்கள். சுழற்சி ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே அளவு நேரம் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் 'தட்டையாக' நின்று போவது போலிருந்தால் இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும். அடாப்டரிலிருந்து பேட்டரிக்கு மாறும்போது இந்த இடம் நகராமல் காப்பது ஜீனரின் வேலை.

9 வோல்ட் என்று எழுதியிருக்கும் எந்த அடாப்டரும் ஆகுமா?

ஆகாது. மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பெடல் உலகில் வழக்கம் 5.5க்கு 2.1 மில்லி மீட்டர் பிளக், நடுவில் மைனஸ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பிளஸ். அடுத்து, கனமான பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்களில் ரெகுலேட்டர் இருக்காது. லோடு குறைவாக இருந்தால் '9 வோல்ட்' அடாப்டர் 12, 13 காட்டும், கூடவே ரிப்பிளும் (டிசியில் மிச்சமிருக்கும் ஏசி ஏற்ற இறக்கம்) வரும். அதனால் எலக்ட்ரோலிட்டிக் எல்லாம் 25 வோல்ட் ரேட்டிங்கில் போடுங்கள். மூன்றாவது, ஏசி வெளியீடு தரும் அடாப்டர்களும் அதே பிளக்கில் வருகின்றன, லேபிளைப் படியுங்கள்.

மின்னோட்டம் பிரச்சினையே இல்லை. டிஎல்07எக்ஸ் வகையில் ஒரு ஆப்-ஆம்புக்கு 1.4 மில்லி ஆம்பியர், ஐந்துக்கு 7. எல்இடியும் மற்றதும் சேர்த்து 9 அல்லது 10. நல்ல அல்கலைன் 9 வோல்ட் பேட்டரியில் 50 மணி நேரம் பக்கம் ஓடும்.

இன்னொன்று பலரும் கவனிக்காதது: டிசி ஜாக்கின் உடல் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். நடுவில் மைனஸ் என்றால் வெளிவளையம் பிளஸ். உலோக உடல் ஜாக்கை உலோகப் பெட்டியில் மாட்டினால் பெட்டி முழுவதும் 9 வோல்ட் ஆகி, கிடார் ஜாக்கின் கிரவுண்டோடு ஷார்ட்.

ஹம் வருகிறது. எங்கிருந்து தேடுவது?

கெப்பாசிட்டரை மேலும் மேலும் சேர்ப்பதற்கு முன் காதால் கேளுங்கள். 'ஹம்' என்று எல்லோரும் சொல்வது குறைந்தது நான்கு வேறு சத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

அடித்தொண்டை உறுமல், 50 ஹெர்ட்ஸ் (சில நாடுகளில் 60): காந்தப் புலம் அல்லது கிரவுண்ட் லூப். கொஞ்சம் கரகரப்பான, 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் உறுமல்: ரெக்டிஃபை ஆன பவரில் மிச்சமிருக்கும் ரிப்பிள். வேகக் குமிழைத் திருப்பினால் கூடவே வேகம் மாறும் 'டிக் டிக்': எல்எஃப்ஓ. மெல்லிய விசில்: ஸ்விட்சிங் அடாப்டர், சார்ஜ் பம்ப் (பெடலுக்குள் வோல்டேஜ் கூட்டும் ஐசி) அல்லது டிலே ஐசியின் கிளாக்.

இனி சோதனை. பெடலை பைபாஸில் (சிக்னல் சர்க்யூட்டுக்குள் போகாமல் கடக்கும் நிலை) போடுங்கள். அப்போதும் இருந்தால் பெடலைத் தொட வேண்டாம். கிடாரைக் கையில் பிடித்தபடி மெல்லத் திரும்புங்கள். திசைக்கேற்ப ஹம் கூடிக் குறைந்தால் சிங்கிள்-காயில் பிக்கப் வாங்குவது அது. பெடல் ஆன் ஆனால்தான் வருகிறது என்றால், அடாப்டரைக் கழற்றி 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் பவர் பக்கம். நிற்காவிட்டால் வயரிங், ஷீல்டிங்.

ஃபேசருக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு. ஹம்மின் கரகரப்பு சுழற்சியோடு சேர்ந்து நகர்கிறதா? நகர்ந்தால் அது ஸ்டேஜ்களுக்கு முன்பே, அதாவது உள்ளீட்டு ஜாக், சுவிட்ச் வயர் அல்லது பஃபர் பக்கம் நுழைகிறது. சுழற்சி மேலே ஓட, ஹம் மட்டும் அசையாமல் நின்றால் மிக்ஸிங்குக்குப் பிறகு, பெரும்பாலும் வெளியீட்டு ட்ரான்சிஸ்டரின் பவர் வழியாக வருகிறது.

மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஹம்மை மதிப்பிடாதீர்கள். பெட்டி மூடி, கிரவுண்டில் இருந்தால்தான் அது ஷீல்ட். பவுடர் கோட் செய்த பெட்டியில் ஜாக் உட்காரும் இடத்தில் உள்பக்கம் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் படும்படி செய்யுங்கள்.

பெடலுக்குள் என்ன ஃபில்டர் போட வேண்டும்?

பவர் ஜாக்கிலிருந்து முதலில் 1என்5817 ஷாட்கி டயோடு, தொடராக. தலைகீழ் அடாப்டரிலிருந்து காப்பாற்றும், வோல்டேஜ் இழப்பு 0.3-க்குள். பிறகு 47 ஓம் ரெசிஸ்டர், அதிலிருந்து கிரவுண்டுக்கு 220 மைக்ரோ. இதன் கட்-ஆஃப் (வடிகட்டத் தொடங்கும் அதிர்வெண்) சுமார் 15 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் ஆறில் ஒரு பங்காகும். 10 மில்லி ஆம்பியரில் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே. 100 ஓம் போட்டால் ஒரு வோல்ட் போய்விடும், இந்த சர்க்யூட்டுக்கு அது அதிகம். ஒவ்வொரு ஐசியின் பவர் காலுக்கும் ஒட்டினாற்போல் 100 நானோ செராமிக்.

சிலர் காயில் போடச் சொல்வார்கள். 100 மைக்ரோ ஹென்றி காயிலும் 100 மைக்ரோ ஃபாரட்டும் சேர்ந்தால் கட்-ஆஃப் 1.6 கிலோ ஹெர்ட்ஸ். ஸ்விட்சிங் அடாப்டரின் உயர் அதிர்வெண் இரைச்சலுக்கு நல்லது, ஆனால் 100 ஹெர்ட்ஸை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

எல்எஃப்ஓ 'டிக்' அடிக்கிறது. எப்படி நிறுத்துவது?

எல்எஃப்ஓ ஆப்-ஆம்பின் வெளியீடு சதுர அலையாகத் தாவும் கணத்தில் பவரிலிருந்து மின்னோட்டத்தைச் சட்டென்று இழுக்கிறது. அதே கம்பி வழியே சிக்னல் பகுதியும் கிரவுண்டைப் பகிர்ந்தால், அந்த இழுப்பு சிக்னலில் விழும். மெல்லிய வயரும் சாலிடர் மூட்டும் சேர்ந்து 0.1 ஓம் என்று வையுங்கள். 5 மில்லி ஆம்பியர் தாவினால் அரை மில்லி வோல்ட். 100 மில்லி வோல்ட் கிடார் சிக்னலுக்குப் பக்கத்தில் அற்பம்தான், பின்னால் ஒரு டிஸ்டார்ஷன் பெடல் இல்லாத வரை.

ஆகவே முதலில் தாவும் மின்னோட்டத்தையே குறையுங்கள். டிஎல்061, டிஎல்062 ஒரு ஆப்-ஆம்புக்கு 0.2 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும், தாவலும் மந்தம். அடுத்து, அதற்குத் தனி ஃபில்டர்: 220 ஓம், 100 மைக்ரோ, ஐசிக்கு ஒட்டியே. மூன்றாவது, எல்எஃப்ஓவின் கிரவுண்டைத் தனி வயராக இழுத்து நேராக முதன்மை 220 மைக்ரோவின் மைனஸ் காலில் கொண்டுபோய்ச் சேருங்கள். சிக்னல் கிரவுண்டும் தனியாக அங்கேயே வரட்டும். இந்த மூன்றாவதைச் செய்யாமல் கெப்பாசிட்டர் அடுக்குவதால்தான் பலருக்கு டிக் போகாமலே இருக்கிறது.

வேகத்தைக் காட்டக் கண் சிமிட்டும் எல்இடி வைத்திருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள், பாதி நேரம் குற்றவாளி அதுதான். அதிக வெளிச்சம் தரும் எல்இடிக்கு 4.7கே போட்டால் 1.5 மில்லி ஆம்பியர். கண்ணுக்கு அதுவே தாராளம். வேகப் பாட்டுக்குப் போகும் வயர்களை உள்ளீட்டு வயரிலிருந்து பெட்டியின் எதிர்ப்பக்கமாக ஓட்டுங்கள்.

தனியாக அமைதி, டெய்சி செயினில் போட்டதும் ஹம். ஏன்?

ஒரே அடாப்டரிலிருந்து எல்லாப் பெடலுக்கும் போகும்போது, இரண்டு பெடல்களின் கிரவுண்ட் இரண்டு வழியாக இணைகிறது: பவர் கேபிள் ஒன்று, ஆடியோ கேபிளின் ஷீல்ட் மற்றொன்று. அது ஒரு வளையம். பக்கத்து ட்ரான்ஸ்ஃபார்மரின் புலத்தை வாங்கும். டிஜிட்டல் பெடலின் மின்னோட்டத் துடிப்புகளும் ஷீல்ட் வழியாக உங்கள் ஃபேசரைக் கடந்து போகும். சோதிக்க, ஃபேசரை மட்டும் பேட்டரிக்கு மாற்றுங்கள். அமைதியானால் உங்கள் சர்க்யூட்டில் குறையில்லை. ஒவ்வொரு வெளியீடும் ட்ரான்ஸ்ஃபார்மரிலேயே தனித்தனியாகப் பிரிந்த சப்ளைதான் தீர்வு. ஒரே ரெகுலேட்டரிலிருந்து ஐந்து ஜாக் எடுத்தால் அது பிரிந்த சப்ளை ஆகாது, பெட்டிக்குள் போட்ட டெய்சி செயின்தான். பாசிட்டிவ்-கிரவுண்ட் (பவரின் பிளஸ் முனையே கிரவுண்டாக இருக்கும்) ஃபஸ் பெடலை எக்காரணத்துக்கும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். சப்ளையே ஷார்ட் ஆகும்.

சப்ளையையும் நானே கட்டலாமா?

மெயின்ஸ் மின்சாரம் உங்கள் பெட்டிக்குள் வராதபடி கட்டலாம். வெளியீடு 12 வோல்ட் ஏசி தரும் மூடிய அடாப்டரை வாங்குங்கள். பெட்டிக்குள் நான்கு 1என்4007 பிரிட்ஜ், 1000 மைக்ரோ 35 வோல்ட், பிறகு 7809; அதன் உள்ளீட்டுக் காலில் 0.33 மைக்ரோ, வெளியீட்டில் 0.1 மைக்ரோ. பிரிட்ஜுக்குப் பின் உச்சம் சுமார் 15.6 வோல்ட். 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் ரிப்பிள் ஒரு வோல்ட். 7809-க்கு 11 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் போதும் என்பதால் இடைவெளி தாராளம். வெப்பம் 0.6 வாட், சூடாகும், ஹீட்சிங்க் அவசியமில்லை.

1000 மைக்ரோவின் மைனஸ் காலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே ஓடும் கம்பியில் சார்ஜிங் துடிப்புகள் பாயும். வெளியீட்டு ஜாக்கின் கிரவுண்டை அந்தக் கம்பியின் நடுவிலிருந்து எடுக்காதீர்கள்; ரெகுலேட்டரின் கிரவுண்ட் காலிலிருந்து எடுங்கள். நல்ல பாகங்கள் போட்டும் கரகரக்கும் சப்ளைகளில் தப்பு இங்கேதான் இருக்கும்.

ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை எடுத்தால் ஹம் போய்விடுகிறதே?

போகும். ஆம்பில் ஒரு ஷார்ட் ஏற்படும் நாளில் கிடாரின் கம்பிகள் மெயின்ஸ் வோல்டேஜுக்கு வரும், கூடவே கையும். செய்யவே கூடாது. இரண்டு ஆம்புகளுக்கு நடுவில் லூப் என்றால் ஒன்றுக்குப் போகும் ஆடியோ வழியில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.

சுவிட்சை மிதித்தால் 'டப்' என்கிறது.

உள்ளீட்டு, வெளியீட்டுக் கெப்பாசிட்டர்களின் வெளிப்பக்கத்திலிருந்து கிரவுண்டுக்கு ஆளுக்கு ஒரு 1 மெகா ஓம் போடுங்கள். மிதக்கும் கெப்பாசிட்டரில் தேங்கும் சார்ஜ் அதன் வழியே வடிந்துவிடும். போட்ட பிறகும் முதல் மிதிக்கு மட்டும் சத்தம் வருவது இயல்பு.

கோரஸில் விசில் கேட்கிறது, பேட்டரியிலும் போகவில்லை.

பெடலுக்குள் வோல்டேஜ் கூட்டும் சார்ஜ் பம்ப் இருந்தால் அதைப் பாருங்கள். மேக்ஸ்1044, ஐசிஎல்7660எஸ் இரண்டும் இயல்பாகக் காதுக்குக் கேட்கும் அதிர்வெண்ணிலேயே ஓடும். 1-ஆம் காலை பவரோடு இணைத்தால் அதிர்வெண் மேலே போய்விடும். கடைசியில் 'எஸ்' இல்லாத சாதாரண 7660-இல் அந்தக் காலுக்கு வேலையே இல்லை.

இதையே விப்ராட்டோவாக மாற்ற முடியுமா?

நேர் சிக்னலை மிக்ஸுக்குக் கொண்டுவரும் 150கே-வின் ஒரு காலைத் தூக்கினால் போதும். பள்ளங்கள் மறைந்து சுருதி மட்டும் ஆடும். நடுவில் ஒரு சின்ன ஆன்-ஆஃப் சுவிட்ச் வைத்தால் இரண்டும் கிடைக்கும். அந்த வயர் இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டால் ஷீல்டட் வயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள்.